சுருட்டுக்கு எத்தனை மார்க்?

ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கேஸில் கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு. சத்தியமாக. 1887-ல் வெளியான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில், லண்டனில் ஒரு காலி வீட்டில் பிணம் கிடக்கிறது. ஹோம்ஸ் தரையில் குனிந்து கொஞ்சம் சாம்பலை வழித்து எடுத்துக் கொள்கிறார். கறுப்பாக, செதில் செதிலாக இருக்கும் இந்தச் சாம்பல் டிரிச்சினாப்பள்ளி சுருட்டில்தான் வரும் என்று அடித்துச் சொல்கிறார். மனுஷர் 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தனியாக ஒரு ஆராய்ச்சியே எழுதி வைத்திருக்கிறார் என்பது அடுத்த நாவலில் தெரிய வருகிறது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஹோம்ஸின் மூளை அல்ல. டிரிச்சினாப்பள்ளி என்றால் என்ன, எங்கே இருக்கிறது என்று கானன் டாயில் தன் லண்டன் வாசகனுக்கு ஒரு வரிகூட விளக்கவில்லை. நாம் திருநெல்வேலி அல்வாவுக்கு அடிக்குறிப்பு போடுவோமா? அந்த மாதிரி. 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டுதான். கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு என்று நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த கடன் பட்டியல் சின்னதுதான் என்றாலும் ருசியானது.

அப்பேர்ப்பட்ட சுருட்டு இன்றைக்குப் பெட்டிக்கடையில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக, பாக்குப் பொட்டலத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு டீ, ஒரு வடை காசு. இன்னொரு பக்கம் நட்சத்திர ஓட்டல்களில் தேவதாரு மரப்பெட்டியில் ஹவானா சுருட்டு. ஒன்றின் விலையில் வீட்டுக்கு ஒரு மாசப் பால் காசு கொடுத்துவிடலாம். இரண்டும் புகையிலைதான். இரண்டும் கையால் சுற்றியதுதான். ஹவானாவுக்கு மார்க் போடுகிற அதே பேப்பரில் உறையூரையும் உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் சொன்னால் என்ன ஆகும்?

பரீட்சைக்கு முன்னால் கொஞ்சம் பூர்வீகம்.

திருச்சி சுருட்டு என்று பேர்தானே தவிர, இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்தது. சுற்றுகிற கை உறையூர்க் கை. வெள்ளைக்காரன் காலத்தில் மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சொந்தமாகவே சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. சுருட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் என்று வேடசந்தூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் குளோரைடு உப்பு ஏறினால் இலை சரியாக எரியாது. மெல்லுகிறவனுக்கு அது பிரச்னை இல்லை. பற்ற வைக்கிறவனுக்கு உண்டு. ஒரே தாலுகாவில் ஒருவன் கிணறு வெற்றிலைப் பாக்குக்கு, இன்னொருவன் கிணறு சுருட்டுக்கு என்று தண்ணீரே ஜாதகம் எழுதிவிடுகிறது.

சர்ச்சில் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் வாயில் புகைந்தது திருச்சி சுருட்டுதான், அவருக்கு வாங்கி அனுப்புவதற்கென்றே ஒரு அரசாங்க உத்தியோகஸ்தர் இருந்தார் என்றெல்லாம். சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சர்ச்சில் 1895-ல், இருபத்தோரு வயசில், கியூபாவுக்குப் போய் ஹவானாவில் விழுந்தவர். கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ரோமியோ ஒய் ஹூலியட்டாதான் அவருடைய பிராண்ட். அவர் பெயரிலேயே ஒரு சைஸ் இருக்கிறது. 1896-ல் பெங்களூரில் பட்டாளத்தில் இருந்தபோது நம் சுருட்டையும் ஊதியிருக்கலாம், பக்கத்து ஊர்தானே. ஒரு சரக்கு நல்ல சரக்கா என்று கேட்டால் அதை யார் ஊதினார் என்று பதில் சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால் சர்ச்சிலை வெளியே நிறுத்திவிட்டுப் பரீட்சை ஹாலுக்குள் போவோம்.

ஹால், ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடி. என் நண்பர் ஒருவர், கப்பலில் சீஃப் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர், அங்கே இருக்கிறார். மாடியில் நின்றால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அவரிடம் கடைசிக் கப்பல் பயணத்தில் வாங்கிய பெட்டி ஒன்று இருந்தது. 'பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4'. 1845-ல் ஆரம்பித்த கம்பெனி. ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், 50 ரிங். ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் பருமன், அதாவது நம் கட்டை விரல். கார நெடி அதிகம் என்று பெயரெடுத்த சுருட்டு. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். உறையூர்ச் சுருட்டும் சாது இல்லை. பயில்வானோடு பயில்வானைத்தானே மோத விடவேண்டும்!

(கோஹிபாவை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். 1966-ல் காஸ்ட்ரோவுக்காக உருவான பிராண்ட். உலகத்திலேயே அதிகமாகப் போலி அடிக்கப்படுவது. யாராவது கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அவர்கள் அப்படிப் பெட்டியே போடுவதில்லை.)

இரண்டாவது போட்டியாளர், போன வாரம் உறையூரிலிருந்து வந்த ஒரு கட்டு. மூன்றாவது, அதே கடையில் 14 மாதம் முன்பு வாங்கி, எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, நண்பரின் அலமாரியில் வைத்து, நடுநடுவே திறந்து காற்றுக் காட்டிய இன்னொரு கட்டு. இந்த மூன்றாமவரைக் கவனித்துக் கொள்ளுங்கள். கட்டுரையே அவருக்காகத்தான்.

மார்க் போடும் முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1992-ல் ஆரம்பித்த 'சிகார் அஃபிஸியனாடோ' பத்திரிகை, சுருட்டின் காகித வளையத்தைக் கழற்றிவிட்டு, எது எந்த பிராண்ட் என்று சொல்லாமல் ஊதவைத்து நூற்றுக்கு மார்க் போடுகிறது. தோற்றமும் கட்டுமானமும், ருசி, எரிகிற லட்சணம், மொத்த அபிப்பிராயம் என்று நான்கு தலைப்பு. நல்ல முறை. என்ன, அச்சில் வருகிற எல்லோரும் எண்பதுக்கு மேலேயே வாங்குகிறார்கள். இப்போதைய ப்ளஸ் டூ மாதிரி. நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. வாத்தியார் கணக்கில், முப்பத்தைந்துக்குக் கீழே ஃபெயில் என்று வைத்துக் கொண்டேன்.

மறைத்து ஊத வைப்பதற்கு தினத்தந்தி பேப்பரைக் குழாயாகச் சுற்றினோம். உபயோகமில்லை. பரிசோதகர்களில் ஒருவர், காசிமேட்டில் நாற்பது வருஷம் படகில் போனவர், எழுபது தாண்டிய பெரியவர், பற்ற வைப்பதற்கு முன்பே மூன்றையும் மூக்கருகில் கொண்டு போய், "இது நம்மூருது, இதுவும் நம்மூருது, இது கப்பலுது" என்று சொல்லிவிட்டார். பேப்பரைக் கழற்றிப் போட்டோம்.

முதலில் தோற்றம். சுருட்டில் மூன்று சமாசாரம்: உள்ளே அடைக்கிற இலை, அதைப் பிடித்து வைக்கிற கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேலே சட்டை போல ஒரு மேல் இலை. பார்த்தகாஸின் சட்டை இஸ்திரி போட்டது. நரம்பு தெரியாது. எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. கியூபாவில் மேல் இலைக்கென்றே செடியைத் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்க்கிறார்கள். உறையூர்ச் சுருட்டு சட்டை போட்டிருந்தது, பட்டன் போடவில்லை. நரம்பு புடைத்து, ஒன்றுக்கொன்று பருமன் வேறுபட்டு, பத்தில் இரண்டு லேசாக வளைந்து. இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் வெட்டுகிற கத்தி வேண்டாம், அது ஒரு சௌகரியம். கையால் சுற்றியது என்பதற்காகக் கோணலை ரசிக்க நான் தயாரில்லை. ஹவானாவும் கையால் சுற்றியதுதான்.

அடுத்தது இழுப்பு. இங்கே ராயபுரம் மூக்கை நுழைத்தது. சுருட்டுக்கு ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம், உஷ்ணம் 20 டிகிரி வாக்கில் இருக்கவேண்டும் என்பது உலக வழக்கு. குளிர் தேசத்துக்காரர்கள் அந்த ஈரத்தை உண்டாக்க ஹ்யூமிடார் என்று பெட்டி செய்து, பஞ்சை நனைத்து வைத்துப் படாதபாடு படுகிறார்கள். நமக்கு நேர் எதிர். கடற்காற்றில் அப்பளமே நமுத்துப் போகிற ஊர். நண்பரின் பெட்டிக்குள் இருந்த மீட்டர் எழுபத்தெட்டில் நின்றது. விளைவு, பார்த்தகாஸ் ஊதிப் பருத்துவிட்டது. முதல் பத்து நிமிஷம் கெட்டியான மில்க் ஷேக்கை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தது. (இத்தனைக்கும் அந்த வீட்டில் ஏ.சி. ரூமில் தூங்குவது பெட்டிதான். நண்பர் ஹாலில்.) உறையூர் இதில் ஜெயித்தது. தளர்வாகச் சுற்றியதால் தாராளமான இழுப்பு. அதே தளர்வு பின்னால் அதன் காலை வாரியது. வேகமாக எரிந்தது, அதனால் சூடானது, அதனால் கடைசி மூன்றில் ஒரு பங்கு நாக்கைச் சுட்டது.

இன்னொரு வில்லன், வண்டு. புகையிலைக்குள் முட்டை போட்டு வைக்கிற பொடி வண்டு. சென்னை வெயிலில் முட்டை பொரிந்து, சுருட்டைக் குடைந்து வெளியே வரும். குண்டூசி குத்தினாற்போல் ஓட்டை. புல்லாங்குழல் ஆகிவிடும், ஊதினால் விரல் வைத்து அடைக்க வேண்டும். ஃப்ரீஸரில் சில நாள் வைத்தால் சாகும். ஆனால் நண்பரின் வீட்டு ஃப்ரீஸரில் வஞ்சிரத்துக்குத்தான் முன்னுரிமை. நான் வைத்திருந்த 20 உறையூர்ச் சுருட்டில் 14 மாதத்தில் 7 போய்விட்டன. இந்த ஏழை மனசில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு கணக்குக்கு வேண்டும்.

இனி ருசி. இங்கேதான் சுருட்டு விமர்சகர்கள் மேல் எனக்குக் கோபம். தோல், தேவதாரு, எஸ்பிரஸ்ஸோ, கோக்கோ, காட்டு பெர்ரி என்று எழுதுவார்கள். காட்டு பெர்ரியை நான் கண்டதில்லை. உறையூரில் சுற்றுகிறவரும் கண்டதில்லை. நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் ஒயினுக்கும் சுருட்டுக்கும் இதையே தமிழில் எழுதுகிறார்கள். படித்தால் ஒன்றும் வாயில் வருவதில்லை. நமக்குத் தெரிந்த வாசனையைச் சொன்னால்தானே நமக்கு விளங்கும்?

எனவே என் நாக்கு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புகையை உள்ளே இழுக்கக் கூடாது. வாயில் நிறுத்தி விட்டுவிட வேண்டும். பார்த்தகாஸ் முதலில் மிளகு. அப்புறம், இழுப்பு சரியான பிறகு, வெறும் வாணலியில் வறுத்த கொத்தமல்லி. பாதிக்கு மேல் சுக்குக் காபியின் அடி வண்டல், அதில் கரையாமல் நின்ற கருப்பட்டி. வந்த ருசி மறுபடி வரவில்லை என்பதுதான் விசேஷம். முக்கால் மணி நேரத்தில் மூன்று முறை ஆள் மாறியது. உறையூரின் புதுக் கட்டு ஒரே ஆள். கட்டைக்குரலில் ஒரே ஸ்தாயி. காய்ந்த வைக்கோல், காரம், பின்னால் ஒரு கசப்பு. கசப்புக்குப் பின்னால் இன்னொன்று. அது என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடித்துக் கொடுத்தது சுருட்டே பிடிக்காத ஒருவர்.

பெரியவரின் மகள். எண்ணூர் பெரியகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர், மேஜைமேல் கிடந்த, பற்ற வைக்காத புதுச் சுருட்டு ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு சட்டென்று கீழே வைத்தார்.

"நைனா, இதுல கேஸ் வாசனை வருது."

அவருக்கு அந்த வாசனை எப்படித் தெரியும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் கண்ணெரிச்சலோடு, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்திருந்தது. அந்த ராத்திரி ஓடியவர்களில் இவரும் ஒருவர்.

கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக அவரிடம் கொடுத்தோம். பத்தில் நான்கைத் தனியே எடுத்து வைத்தார். "இந்த நாலு." மற்ற ஆறில் லேசாக. 14 மாதக் கட்டைக் கொடுத்தோம். முகர்ந்தார். "இதுல இல்ல. இது நம்ம வெல்லப் பானை மாதிரி இருக்குது." பார்த்தகாஸில் அறவே இல்லை.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. புகையிலை பச்சையாக இருக்கும்போது அதில் அம்மோனியா இருக்கிறது. அறுத்த இலையைக் குவியல் குவியலாக அடுக்கிவைத்தால் உள்ளே தானாகச் சூடேறும், எருக்குழி மாதிரி. அதைப் பிரித்து, புரட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி சூடேற்றும்போது அம்மோனியா வெளியேறுகிறது. கசப்பும் கார நெடியும் குறைகிறது. இதற்குக் குறுக்கு வழியே இல்லை. நாள் ஆகும். கியூபாவில் செடியின் உச்சி இலை, அதுதான் காரமானது, குறைந்தது இரண்டு வருஷமாவது மூட்டையில் தூங்கிய பிறகுதான் சுருட்டுக்குள் போகிறது. கோஹிபாவுக்கு இரண்டு புரட்டு போதாதென்று மூன்றாவது முறை. அரைகுறையாகப் புளிக்கவைத்த இலையை நிபுணர்கள் மூக்கால் பிடிப்பார்கள், அதற்குப் பயிற்சியும் சம்பளமும் உண்டு. எண்ணூர்க்காரருக்கு அந்தப் பயிற்சியை யாரோ இலவசமாக, கேட்காமலே, கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அவர் அதற்குமேல் மாடியில் நிற்கவில்லை. கூடையை எடுத்துக் கொண்டு இறங்கிவிட்டார்.

சாம்பல் விஷயம். ஹோம்ஸ் சொன்னது நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் பொய்க்கவில்லை. உறையூர்ச் சாம்பல் கறுப்பு, செதில், தானாக உதிர்ந்து என் சட்டையில் விழுந்தது. பார்த்தகாஸ் சாம்பல் வெளிர் சாம்பல் நிறம், கட்டை விரல் நீளத்துக்கு விழாமல் நின்றது. இதற்கு மேல்நாட்டில் கைதட்டுவார்கள். நண்பர் அலுத்துக் கொண்டார்: "சாம்பலைப் பார்த்து என்னய்யா மார்க்? எண்ணூர் தெர்மல் 1970-லிருந்து 2017 வரைக்கும் எங்க வீட்டுக் கொடியில காயப்போட்ட வேட்டியில போடாத சாம்பலா?" இருந்தாலும் பத்துக்கு இத்தனை என்று போட்டேன்.

இப்போது நான் படித்த பி.காம். உதவிக்கு வருகிறது. 14 மாதக் கட்டை ஊதிப் பார்த்தோம். அதே கடை, அதே கை, அதே இலை. கோணலும் அதே கோணல். ஆனால் கசப்பு முக்கால்வாசி போயிருந்தது. காரத்தின் கீழே ஒரு இனிப்பு, வெல்லப் பானை என்று அந்த அம்மா சொன்னது, புகையிலும் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் வறுத்த நிலக்கடலைத் தோல் வாசனைகூட வந்தது. பெரியவரே ஒரு நிமிஷம் சுருட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அப்படியானால் உறையூரில் ஏன் எல்லாச் சுருட்டையும் 14 மாதம் வைத்து விற்பதில்லை?

பென்சிலை எடுங்கள். நூறு ரூபாய் இலை. ஊரில் சின்னத் தொழில்காரருக்கு பாங்க் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூணு வட்டிக்கு வாங்குகிறார் என்று வையுங்கள், நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய். இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 72 ரூபாய். ஐந்து வருஷம் என்றால் 180. நடுவில் வண்டு, இருபதில் ஏழு. மீதிப் பதின்மூன்று சுருட்டு மொத்த வட்டியையும் சுமக்க வேண்டும். சுமந்து கடைக்கு வந்தால், 'ஏம்பா, ஒரு டீ காசுச் சுருட்டு அஞ்சு டீ காசு சொல்றே' என்று நீங்களும் நானும்தான் கேட்போம். சுற்றுகிறவருக்கோ எண்ணிக்கைக்குக் கூலி. அதை வாரா வாரம் கொடுத்தாக வேண்டும், அவருடைய மளிகைக் கடை 14 மாதம் காத்திருக்காது. ஆகவே இன்று சுற்றி நாளை மறுநாள் அனுப்பு. ஹவானாவின் விலையில் பெரிய பங்கு, இலையின் விலை அல்ல, கை வேலையின் விலைகூட அல்ல. சரக்கு சும்மா கிடந்ததற்கான வட்டி. கூடவே பெட்டி, பேர், வரி. ஸ்பென்சர் கம்பெனிக்குச் சரக்கைத் தூங்க வைக்கிற வசதி இருந்தது. லண்டனுக்குக் கப்பலில் போகும் நாட்களும் சேர்ந்தே இலைக்கு வயசு ஏற்றியிருக்கும். ஹோம்ஸ் மதித்த சுருட்டு வேறு, இன்று பெட்டிக்கடையில் ரப்பர் பேண்டில் இருப்பது வேறு என்று நான் நினைப்பது இதனால்தான்.

பெரியவரிடம் தீர்ப்பு கேட்டேன். பார்த்தகாஸை மூன்று இழுப்பு இழுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்.

"வாசனை நல்லாத்தான் கீது தம்பி. ஆனா இது குந்திக்கினு பிடிக்கிறவனுக்கு. நாங்க படகுல விடிகாலை மூணு மணிக்கு, காத்துல, கை ஈரமா இருக்கச்சொல்ல பிடிப்போம். வலை இழுக்கணும்னா அணைச்சுக் காதுல சொருகிக்கணும். அப்புறம் பத்த வெச்சா மொதல்ல இருந்த மாரியே இருக்கணும். அதுக்கு இது ஆவாது."

நியாயமான கேள்வி. அணைத்து மறுபடி பற்ற வைத்தால் எப்படி என்று எந்தப் பத்திரிகையும் மார்க் போடுவதில்லை. ஹவானாவை அப்படிச் செய்வது பாவம் என்றே சொல்வார்கள். செய்து பார்த்துவிட்டோம். இரண்டையும் அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பற்ற வைத்தால், பார்த்தகாஸ் ஊறிய ஆஷ்ட்ரே மாதிரி கசந்தது. உறையூர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதற்கு இழக்க அதிகம் இல்லை என்று நண்பர் சொன்னார். குறும்புதான் என்றாலும் உண்மை.

ஒரு கடமை பாக்கி. இழுக்காமல் வாயில் நிறுத்துவதால் சுருட்டு சாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தப்பு. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நிகோட்டின் வாய்த் தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்க முடியும். வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று புற்றுநோய்க்கு இடம் தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. காஸ்ட்ரோவே 1985-ல் விட்டுவிட்டார். நான் வருஷத்துக்கு ஒன்று பிடிப்பவன். அன்று மூன்றைப் பரிசோதித்ததில் ராத்திரி தலை சுற்றிப் படுத்தது தனிக் கதை. 2003 சட்டப்படி புகையிலைக்கு விளம்பரம் செய்யக் கூடாது. இது விளம்பரம் இல்லை என்பது இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும்.

மார்க் ஷீட்.

பார்த்தகாஸ்: 87. இழுப்பில் போன மார்க் ராயபுரம் காற்றின் கணக்கில். ருசியில் ஏறக்குறைய முழு மார்க்.

உறையூர், புதுக் கட்டு: 58. கட்டுமானத்தில் பலவீனம், அம்மோனியாவுக்குக் கணிசமான வெட்டு. நம்ம ஊர் என்று கருணை மார்க் கிடையாது. போட்டிருந்தால் சுற்றியவரை நான் அவமானப்படுத்தியதாக இருக்கும்.

உறையூர், 14 மாதம்: 74. நடுவில் உள்ள 16 மார்க்கும் சும்மா கிடந்ததற்கு வந்தது. சுற்றுகிறவர் கை ஒழுங்காகி, மேல் இலை கொஞ்சம் நல்லதாகக் கிடைத்தால் எண்பதைத் தொடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அணைத்துப் பற்ற வைத்தல், பெரியவர் சேர்க்கச் சொன்ன ஐந்தாவது தலைப்பு, பத்துக்கு: பார்த்தகாஸ் 2, உறையூர் 8.

மிச்சமிருந்த 14 மாதச் சுருட்டுகளைப் பெரியவர் எண்ணிப் பார்த்து எடுத்துக் கொண்டார். பன்னிரண்டு. புதுக் கட்டில் மகள் ஒதுக்கிய நாலையும் ஏன் எடுத்துக் கொள்கிறீர்கள், அதில் கேஸ் வாசனை இருக்கிறதே என்றேன்.

"முனீஸ்வரனுக்கு" என்றார். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."